தடைக்காலத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி

குமாரவேல் தன் சொந்த வீட்டுச் சமையலறையில் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வினிதா பின்னால் வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நைனா, லீவுல காலேஜ்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கோர்ஸ் வெக்கிறாங்க. ரொம்ப கஷ்டமா இருக்குமாம். எடுக்கட்டா, வேணாமா?"

அவர் கையிலிருந்த டப்பாவில் சர்க்கரை என்று எழுதியிருந்தது. உள்ளே ரவை இருந்தது. ரவை என்று எழுதிய டப்பாவில் மிளகாய்த்தூள் இருந்தது. கடைசியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெள்ளையாகத் தெரிந்ததை நம்பி டீயில் இரண்டு கரண்டி போட்டு, ஒரு வாய் குடித்தும் ஆயிற்று. அது உப்பு. மகளுக்கு எதிரே துப்ப மனமில்லாமல் விழுங்கிவிட்டு, "உன் இஷ்டம் கண்ணு" என்றார்.

வினிதா உடனே போகவில்லை. வேறு ஏதோ வரும் என்று எதிர்பார்த்தவள் மாதிரி கொஞ்சம் நின்றாள். எதுவும் வரவில்லை.

"சக்கர ஊறுகா பாட்டில்ல கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குமாரவேல் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வந்ததும் ஒரு தூக்கம், ஒரு குளியல், மறுபடி ஐஸை ஏற்று, டீசலை ஏற்று, கிளம்பு. முகத்துவாரக்குப்பத்து வீட்டில் அவர் தொடர்ந்து தங்குவது தடைக்காலத்தில் மட்டும்தான். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம் என்று ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது என்பது சட்டம். மீன்கள் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கட்டும் என்று அரசாங்கம் கொடுத்த அந்த விடுமுறையில் குமாரவேலும் தன் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கலாம்.

இருக்கலாம்தான். குடும்பம் கையில் சிக்க வேண்டுமே. மனைவி பச்சையம்மா விடியும் முன்பே கூடையோடு முகத்துவாரத்துக்குப் போய்விடுவாள். சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை கிடையாது. அவை கொண்டுவருகிற மீனை வாங்கித் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். திரும்பியதும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். வீடு அவர் இல்லாமலே ஓடிப் பழகிவிட்டது. அவர் உட்காருகிற நாற்காலி துணி உலர்த்துகிற நாற்காலி. டிவியில் அழுகிற பெண் யார் என்று கேட்டால் மனைவியும் மகளும் ஒரே குரலில் "அது பெரிய கத" என்பார்கள். தன் வீட்டிலேயே தான் விருந்தாளி என்பதை அவர் தடைக்காலத்துக்குத் தடைக்காலம் புதிதாகக் கண்டுபிடித்து வருத்தப்படுவார்.

அதிலும் வினிதாவோடு பேசுவதுதான் பெரும்பாடு. நடுக்கடலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மகளிடம் சொல்ல அவரிடம் எவ்வளவோ இருக்கும். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்ததும் எல்லாம் எங்கேயோ போய்விடும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் நைனா."

அதன் பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

அடுத்த வருடம் படிப்பு முடிந்து வேலை, கல்யாணம் என்று போய்விடுவாள். இந்தத் தடைக்காலத்திலாவது நான்கு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று குமாரவேல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இப்போது இந்தக் கோர்ஸ் வந்து நிற்கிறது. காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. தடை முடிகிற வரை நடக்குமாம். எடுத்துவிட்டால் அவருக்குத் துணை அந்த டப்பாக்கள்தான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆனால் அதற்கும் வழியில்லை. அவருடைய அண்ணன் தன் மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தியபோது, இவர்தான் தெரு நடுவில் நின்று, "எம் பொண்ணு இன்னா படிச்சாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று குப்பத்துக்கே கேட்கிற மாதிரி முழங்கியிருந்தார். குப்பத்து ஜனங்கள் எதை மறந்தாலும் இந்த மாதிரி பேச்சை மறக்க மாட்டார்கள். ஆகவே வேண்டாம் என்பது வினிதாவின் வாயிலிருந்தே வர வேண்டும்.

காசிமேட்டில் ஐஸ் உடைத்துக் கொடுக்கிற மஜீது அவருக்கு நெடுநாள் தோஸ்து. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா மாமு இம்மா பேஜாராவுற?" என்றார் மஜீது. "எங்கண்ணன் பையன் தவ்ஃபீக் போன வருசம் அதே காலேஜ்ல அதே கோர்ஸ எடுத்து மண்ண கவ்வினான். அவன வூட்டுக்கு அனுப்புறேன். அவன் மூஞ்சப் பாத்தாலே உம் பொண்ணு வேணாம்னு சொல்லிடும்."

தவ்ஃபீக் வந்தான். கையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். அதன் கனத்தைப் பார்த்ததுமே குமாரவேலுக்கு மனசு லேசாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஆறு மூலைக் கட்டங்கள்.

"இன்னாபா இது, நட்டு நட்டா போட்டு வெச்சிகீறாங்க?"

"இது பென்சீன் மாமா" என்றான் தவ்ஃபீக். பிறகு வினிதாவிடம் திரும்பி, சித்தப்பா சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தான். "தங்கச்சி, சொல்றேன்னு தப்பா நெனக்காத. இத்த எடுக்காத. எனக்கு சோறு எறங்கல, தூக்கம் பூடுச்சு. தோ பாரு, முடி எப்டி கொட்டிகீது."

குனிந்து உச்சந்தலையைக் காட்டினான். நிஜமாகவே கொட்டியிருந்தது. பையன் சொன்னதற்கு மேலேயே செய்கிறான் என்று குமாரவேல் பூரித்துப்போனார்.

வினிதா தலையைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாள். "எந்த எடத்துல மாட்டிகினீங்க?"

அவன் ஒரு பக்கத்தைக் காட்டினான். அவள் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இந்த அம்பு இப்டி வராதே. அந்தப் பக்கமா வரணும்."

தவ்ஃபீக் பார்த்தான். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். "அட, ஒரு வருசமா யாருமே இத்த சொல்லலியே" என்றான். பயமுறுத்த வந்தவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தான். மார்க்கெட்டிலிருந்து வந்த பச்சையம்மா இந்தக் காட்சியை வாசலிலேயே நின்று பார்த்தாள். கோர்ஸ் எடுத்த பையனுக்கே எடுக்காத தன் மகள் பாடம் நடத்துகிறாள் என்கிற செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் குப்பத்துக் குழாயடி வரை போய்ச் சேர்ந்தது.

"அப்ப எடுக்கப் போறியா கண்ணு?" என்று குமாரவேல் ஈன சுரத்தில் கேட்டார்.

"இன்னும் யோசிச்சிகினு கீறேன் நைனா" என்றாள் வினிதா, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"நல்லா யோசி. ஒண்ணும் அவசரமில்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் குமாரவேலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதாவது, பிடித்துக்கொண்டதாகச் சொல்லிப் படுத்துக்கொண்டார். அப்பன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் எந்தப் பெண் விட்டுவிட்டு வகுப்புக்குப் போவாள் என்பது அவர் கணக்கு. பச்சையம்மா கூடையை இறக்கிவைத்த கையோடு போய்ச் சுளுக்கு எடுக்கிற லோகநாதனை அழைத்துவந்துவிட்டாள். லோகநாதன் ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குமாரவேலைக் குப்புறப் போட்டு, நடுமுதுகில் முட்டியை ஊன்றி, இரண்டு தோளையும் பின்னால் இழுத்தார். எங்கேயோ மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"பூடுச்சா?" என்றார் லோகநாதன்.

இன்னொரு தடவை இழுத்துவிடுவாரோ என்கிற பயத்தில், "பூடுச்சுப்பா, சுத்தமா பூடுச்சு" என்றார் குமாரவேல்.

அதுவரை வலிக்காத முதுகு அந்த நிமிடத்திலிருந்து வலிக்க ஆரம்பித்தது. அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது.

மிச்சமிருந்தது ஒரே வழி. அன்று சாப்பிடும்போது எடுத்துவிட்டார்.

"படிக்கிறது படிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா காலேஜு மணலி புதுநகரத் தாண்டி கீது. லீவுல காலேஜ் பஸ்ஸும் வராது. ரெண்டு பஸ்ஸு மாறணும். அந்த ரோட்டுல போற டேங்கர் லாரிய நெனச்சாலே எனக்கு பயமா கீது."

"அது வாஸ்தவந்தான்யா" என்றாள் பச்சையம்மா.

குமாரவேலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் முதுகாவது தப்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"அதான் நீ சொம்மா குந்திகினு கீறியே" என்று பச்சையம்மா தொடர்ந்தாள். "முதுகும் சரியா பூடுச்சு. காத்தால வண்டில இட்டுகினு போயி வுடு. சாய்ங்காலம் இட்டுகினு வா."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வினிதாவின் கை நின்றது. "நெசமா இட்டுகினு போவியா நைனா?"

"போ... போவாம?"

"தெனமும்?"

"தெனமுந்தான்" என்றார் குமாரவேல், மாட்டிக்கொண்டவர் வேறென்ன சொல்வார்.

"அப்ப எடுக்கறேன்" என்றாள் வினிதா. இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தவள் அதற்கு மேல் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பெண்பிள்ளைகள் மனசைக் கடலைவிடப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று குமாரவேல் அன்று மிச்சச் சோற்றைச் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

முதல் நாள் இருவரும் பேசவில்லை. எண்ணூரைத் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த வரிசையின் ஓரமாக வண்டியை நுழைத்து நுழைத்துப் போகவே அவருக்குச் சரியாக இருந்தது. கல்லூரி வாசலில் இறக்கிவிட்டபோது பழக்க தோஷத்தில், "சாப்ட்டியா?" என்றார்.

"உங்கூடத்தான நைனா சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திரும்ப வீட்டுக்குப் போகலாம். போய் என்ன செய்வது. அங்கே தனியாக உட்காருவதற்கு இங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம், மகளாவது ஒரு மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று கேட்டுக்கு எதிரிலிருந்த வாதாமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். கேட்டில் காவலுக்கு இருந்த சவரிநாதன் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"சாய்ங்காலம் வரிக்கும் இங்கயேவா அண்ணாத்த குந்திகினு இருக்கப்போற?"

"தடைக்காலம்பா. வேற இன்னா வேல."

அன்று மாலை திரும்பும்போது மணலியில் வண்டி நகரவில்லை. முன்னால் டேங்கர், பின்னால் டேங்கர். காற்று திரும்பியதும் அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை குப்பென்று அடித்தது.

"இன்னா நாத்தம்பா இது" என்றார் குமாரவேல் தன்னை மறந்து.

"கந்தகம் நைனா" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல். அது எப்படி வருகிறது, எதோடு எது சேர்ந்தால் அந்த வாடை என்று வினிதா சொல்லிக்கொண்டே போனாள். பாதி அவருக்குப் புரியவில்லை. புரியாதது ஒரு குறையாகவும் தெரியவில்லை. நடுவில் சட்டென்று அவள் சொன்னாள். "மொத வருசம் பஸ்ல எம் பக்கத்துல யாருமே குந்த மாட்டாங்க நைனா. மீன் நாத்தம்னு மூக்க மூடிக்குவாங்க. எனக்கு காலேஜ்ல இன்னமும் பெருசா சிநேகிதம்னு யாரும் இல்ல."

குமாரவேல் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?"

"நீ கடல்ல இருந்த."

எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள், அவரும் கேட்டிருக்க மாட்டார். வண்டியில் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிவதில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. கத்தும்போது கூச்சம் எங்கே நிற்கும்.

மறுநாள் குமாரவேல் கத்தினார். ஒரு தடவை நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனதையும், புயல் எச்சரிக்கை வந்ததையும், கூட இருந்த ஆட்களுக்குத் தெரியாமல் இன்ஜின் அறையில் போய் அழுததையும் முதல்முறையாக ஒரு ஜீவனிடம் சொன்னார்.

"எதுக்கு அழுத நைனா?"

"உன்ன பள்ளிக்கூடத்துல சேத்த வருசம் அது" என்றார்.  பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. குழியில் வண்டி இறங்கியதால் பிடித்தாளா, வேறு எதற்காகவா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார். அவளும் சீக்கிரம் போகச் சொல்லவில்லை. ஒருநாள் அவளே, "சுத்திகினு போலாம் நைனா, அங்க ரோடு நல்லா கீது" என்று சொல்லி வேறொரு வழியைக் காட்டினாள். அங்கே ரோடு இன்னும் மோசமாக இருந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

எந்தக் கோர்ஸை எடுக்கவிடாமல் தடுக்கத் தலைகீழாக நின்றாரோ, அந்தக் கோர்ஸ் முடிந்துவிடக் கூடாதே என்று இப்போது குமாரவேல் கவலைப்பட்டார். அந்தக் கவலையில் இருக்கும்போது ஒரு மாலை வினிதா கேட்டாள்.

"நைனா, ஒருவேள இந்தக் கிளாஸே இல்லன்னு வெச்சுக்கோ. அப்ப நீ இன்னா பண்ணுவ?"

வண்டி ஒரு டேங்கரை உரசப் பார்த்தது. "ஏன் கண்ணு, கஷ்டமா கீதா? வாத்தியாரு திட்றாரா?"

"அதெல்லாம் இல்ல. சொம்மா கேட்டேன்."

"சொம்மாகூட கேக்காத. எடுத்தா முடிக்கணும். பாதில வுட்டா எனக்குப் புடிக்காது. எத்தினி நாளானாலும் நான் இட்டாரேன், இட்டுகினு போறேன். இன்னா?"

 "அப்ப சரி நைனா" என்றாள் வினிதா. அவள் குரலில் இருந்தது சந்தோஷம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் குமாரவேலுக்கு நம்பிக்கை வரவில்லை. பெண் பாடம் புரியாமல் தவிக்கிறாள், ஓடிவிடப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். வாத்தியாரைக் கொஞ்சம் கவனித்தால் வாத்தியார் பெண்ணைக் கவனிப்பார் என்று அவருக்குத் தோன்றியது.

பச்சையம்மாவிடம் சொல்லி, கழிமுகத்து நண்டில் காரசாரமாக ஒரு குழம்பு வைத்து டிபன் கேரியரில் வாங்கிக்கொண்டார். தன் மதியச் சாப்பாடு என்று மகளிடம் சொல்லி வண்டியில் மாட்டிக்கொண்டு வந்து, அவள் உள்ளே போனதும் சவரிநாதனிடம் நீட்டினார்.

"இத்த கெமிஸ்ட்ரி சாருக்குக் குடுத்துடுப்பா. வினிதா அப்பா குடுத்தாருன்னு சொல்லு."

சவரிநாதன் கேரியரைப் பார்த்தார், குமாரவேலைப் பார்த்தார். "அண்ணாத்த, உங்கிட்ட ஒரு விசயம்..."

"தெரியும், லஞ்சம்னு நெனப்பாரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, சொம்மா ருசிக்குத்தான். இன்னொண்ணு, பாப்பாக்குத் தெரிய வாணாம். வெக்கப்படும்."

சவரிநாதன் பெருமூச்சு விட்டார். மூச்சை இழுத்தபோது மூடியை மீறி நண்டு வாசனை உள்ளே போயிருக்க வேண்டும். கை தானாகக் கேரியரை வாங்கிக்கொண்டது. "யாராண்டயும் சொல்லல அண்ணாத்த. எனக்கு இந்த வருசம் இதே வேலயா பூடுச்சு" என்றார்.

மாலை கேரியர் கழுவித் திரும்பி வந்தது.

"சாரு இன்னா சொன்னாரு?"

"படா ஷோக்கா கீதுன்னாரு. காரம் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொன்னாரு."

பச்சையம்மா காரத்தைக் குறைத்தாள். அடுத்த வாரம் சார் இறால் கேட்டார். அதற்கடுத்த தடவை, இறாலில் கத்திரிக்காய் போட்டால் நன்றாக இருக்குமே என்று அபிப்பிராயம் சொல்லி அனுப்பினார்.

"இன்னா வாத்தியாருய்யா அவரு?" என்றாள் பச்சையம்மா. "எம் மாமியாகூட இம்மாம் நொட்ட சொன்னதில்ல."

"படிச்சவங்கன்னா அப்டித்தான். நீ போடு கத்திரிக்காய."

வாதாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் அவருக்குச் சந்தேகம் வரும். "இன்னா சவரி, கிளாஸுக்கு எம் பொண்ணத் தவிர யாரும் வர மாதிரி தெரியலியே?"

"அல்லாம் ஆஸ்டல்ல கீதுங்க அண்ணாத்த" என்று சவரிநாதன் வேறு பக்கம் பார்த்துச் சொல்வார்.

மதிய வெயிலில் மரத்து நிழல் சுருங்கச் சுருங்க ஸ்டூலை நகர்த்திக்கொண்டே குமாரவேல் உட்கார்ந்திருப்பார். பொழுது போகாது. பேச்சுத் துணை கிடையாது. லாரிகள் கிளப்புகிற புழுதியைத் தவிரப் பார்க்கவும் ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் அவள் எதிரே இருந்தால் எவ்வளவு பேசலாம் என்று ஏக்கமாக இருக்கும். ஆனாலும் மாலை அந்த ஒரு சவாரிக்காக இந்த முழுப் பகலையும் கொடுக்கலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வார்.

இப்படியே தடைக்காலம் முடிந்தது. கோர்ஸின் கடைசி நாளும் வந்தது. காசிமேட்டில் அவருடைய படகில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி கடல். போகிற வழியெல்லாம் வினிதா அதிகம் பேசவில்லை.

"பரீட்ச நல்லா எழுதிடுவ இல்ல?" என்று கேட்டார்.

"ம்" என்றாள். கேட்டுக்கு முன்னால் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த தடைல எனக்கு காலேஜ் இருக்காது நைனா" என்றாள். சொன்னதும் உள்ளே போய்விட்டாள்.

 குமாரவேலுக்கு அந்தக் கெமிஸ்ட்ரி சாரை ஒரு தடவை நேரில் பார்த்துக் கும்பிட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கஷ்டமான பாடம் நடத்தி மகளைத் தன்னிடம் பேசவைத்த புண்ணியவான். அன்று கேரியரில் இருந்தது கையகல இறால், கத்திரிக்காயோடு. அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கேட்டுக்குள் நடந்தார்.

சவரிநாதன் குறுக்கே ஓடிவந்தார். "எங்க அண்ணாத்த?"

"சாரப் பாக்கத்தான். ஒரு கும்புடு போட்டுட்டு வந்துர்றேன்."

"சாரு... சாரு வேலயா கீறாரு. குடு, நான் குடுத்துர்றேன்."

"இன்னிக்கி எங்கையாலதான் குடுப்பேன். வுடுப்பா."

"வாணாம் அண்ணாத்த" என்று சவரிநாதன் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.  "நீ குடுத்ததெல்லாம் தின்னது நான்தான். காரம் கம்மி பண்ணச் சொன்னதும் நான்தான். எனக்கு அல்சரு."

குமாரவேல் கேரியரை விடவில்லை. "அப்ப சாரு?"

"சாரு மொத வாரத்துலயே ஊருக்குப் பூட்டாரு. ஆளு சேரலன்னு கோர்ஸயே நிறுத்திட்டாங்க. இந்த லீவு முழுக்க இங்க ஒரு கிளாஸும் நடக்கல."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.  எத்தனை காலை, எத்தனை மாலை.  வயசுப் பெண் யாருக்கும் தெரியாமல் எங்கே போனாள் என்று நினைத்ததும் கேரியர் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"அப்ப எம் பொண்ணு தெனமும் எங்கதான்யா போச்சு?" என்றார். 

சவரிநாதன் மதிலுக்கு உள்பக்கம் கையை நீட்டினார். வாதாமரத்துக்கு நேர் எதிரே, அவர் ஸ்டூலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், லைப்ரரியின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒருத்தி மட்டும் கன்னத்தில் கை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கதான் அண்ணாத்த, காத்தாலருந்து சாய்ங்காலம் வரிக்கும் தனியாவே குந்திகினு இருக்கும். கிளாஸ்தான் இல்லியே, நைனாகிட்ட சொல்லிட்டு வூட்ல இருக்கலாமேன்னு நானும் கேட்டேன், அதுக்கு, 'அங்கிள், வூட்ல இருந்தா எங்க நைனா சாப்ட்டியான்னு மட்டும்தான் கேக்கும், வண்டிலதான் பேசும், தடை முடியிற வரிக்கும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சிச்சு."